மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு நடைப் பயிற்சியோடு சிந்தனைப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

ஆறு வயது மகனுக்கு நடைப் பயிற்சி கொடுக்கும்போதே எண், நிறம், நினைவாற்றல் விளையாட்டுகளையும் சேர்க்கலாமா, அது அவனைக் குழப்பிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம், ஆனால் எதை, எப்போது சேர்க்கிறோம் என்பதுதான் முக்கியம். அவன் எதையாவது பிடித்துக்கொண்டாவது நடக்கிறான் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல, இரண்டு கால்களிலும் தசை இறுக்கம் உள்ள ஒரு பெண் குழந்தையின் தாய். தாய்க்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எங்கள் இயன்முறை மருத்துவரும், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்றும் செயல்முறை மருத்துவரும் பார்த்துத் திருத்தியதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

என் மகள் முன்பு போய்வந்த ஒரு சிகிச்சை மையத்தில், நடந்துகொண்டே வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்கள். வாய்ப்பாடு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் ஒவ்வொரு விடைக்கும் நின்றாள், சொன்னாள், பிறகு அடுத்த அடியை வைத்தாள். அவளுடைய குறிப்பேட்டில் 'கவனம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சொற்கள் இன்றும் எனக்கு ஆறவில்லை. நமக்குத் தானாக நடக்கும் நடை, இந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு அடியிலும் கவனத்தைக் கேட்கிறது. அதன் மேல் இன்னொரு வேலையைச் சுமத்தினால் நடை மெதுவாகும், அல்லது விடை தாமதமாகும். கீழே விழாமல் இருப்பதற்காக நின்று பதில் சொன்ன குழந்தை, தன் கவனத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கேதான் வைத்திருந்தாள்.

மூளை முடக்குவாதத்தை (செரிப்ரல் பால்சி) கால் சம்பந்தப்பட்ட நோயாக மட்டும் பார்ப்பதால்தான் இப்படி நேர்கிறது. 2007இல் வெளியான பன்னாட்டு வரையறையே, அசைவிலும் உடல் நிலைப்பாட்டிலும் ஏற்படும் கோளாறுகளோடு புலனுணர்வு, அறிதல், தொடர்பாடல், நடத்தை ஆகியவற்றிலும் சிரமங்கள் பல வேளைகளில் சேர்ந்து வரும் என்றும், வலிப்பும் வரலாம் என்றும் சொல்கிறது. ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு அறிவுசார் குறைபாடு இருக்கும். மீதிப் பாதிக்கு இருக்காது. ஆகவே நடையைப் பார்த்து அறிவை அளக்க யாருக்கும் உரிமை இல்லை. அசைவையும் கற்றலையும் பிரிக்கக் கூடாது என்று ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஆந்திராஷ் பெட்டோ என்ற மருத்துவர் கடந்த நூற்றாண்டின் நடுவிலேயே ஒரு கல்வி முறையை உருவாக்கினார். அது மற்ற முறைகளைவிட மேலானது என்று பின்னர் வந்த ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. ஆனால் அந்த அடிப்படை எண்ணம் எனக்குச் சரியாகவே படுகிறது.

எங்களுக்குப் பலன் தந்தது, சிந்தனையை நடையின் மேல் ஏற்றாமல் நடைக்குள்ளேயே வைத்ததுதான். குறிக்கோள், திட்டம், செய்தல், சரிபார்த்தல் என்று குழந்தையே தன்னைக் கேட்டுக்கொள்ளும் ஒரு முறை கனடாவில் உருவானது. எங்கள் செயல்முறை மருத்துவர் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். தம்பிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற குறிக்கோளை மகளே தேர்ந்தெடுத்தாள். திரும்பும் இடத்தில்தான் அவளுக்குச் சிக்கல்: குதிகால் தரையை விட்டு எழும்பும், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும், குவளையைப் பிடித்த விரல்கள் வெளுக்கும், தண்ணீர் சிந்தும். எங்கே சிந்தியது, ஏன் சிந்தியது என்று மட்டும் கேட்டோம்; விடையை நாங்கள் சொல்லவில்லை. குவளையைப் பாதி நிரப்புவது, திரும்புவதற்கு முன் ஒரு நொடி நிற்பது என்ற இரண்டையும் அவளாகவே கண்டுபிடித்தாள்.

அந்த நடை உறுதியான பிறகுதான் அடுத்ததைச் சேர்த்தோம். தரையில் வண்ண அட்டைகளைப் பரப்பி, 'சிவப்பு' என்றால் நீலத்தை மிதிக்க வேண்டும், 'நீலம்' என்றால் சிவப்பை மிதிக்க வேண்டும் என்று விளையாடினோம். மனத்தில் முதலில் எழுவதை அடக்கிக்கொண்டு வேறொன்றைச் செய்யும் பயிற்சி அது. கால் தடுமாறினால் விதியை எளிதாக்குவோம். விதியில் தவறினால் அட்டைகளை நெருக்கமாக வைப்போம். இரண்டையும் ஒரே நாளில் கடினமாக்குவதில்லை.

உங்கள் மகன் நடக்க முடியாதவனாக இருந்தாலும் இது பொருந்தும். இடுப்பும் பாதங்களும் நன்றாகத் தாங்கப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்து, நினைவில் வைத்த வரிசைப்படி பொருள்களை எட்டித் தொடலாம்; கை வராவிட்டால் கண்ணால் காட்டலாம்.

இதனால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தச் செயலைப் பயில்கிறோமோ அதில்தான் முன்னேற்றம் முதலில் தெரியும், அதுவே எங்களுக்குப் பெரிய காரியமாக இருந்தது. வலி, தூக்கக் குறைவு, வலிப்பு மருந்தில் மாற்றம் ஆகியவை உள்ள நாள்களில் இரண்டையும் சேர்க்காமல் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு முன், பேசிக்கொண்டே நடக்கும்போது அவன் விழும் வாய்ப்பு எவ்வளவு என்பதை இயன்முறை மருத்துவர் ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லட்டும். முதல் சில வாரங்களுக்கு அவன் இடுப்பருகே உங்கள் கை இருக்கட்டும்.