சீனம்: ஒரு மொழியா, பல மொழிகளா?

கேள்வி: சீனாவின் பொதுமொழியான மாண்டரின் பேசுபவருக்கு, ஹாங்காங்கில் பேசப்படும் கான்டனீஸ் புரியாதாமே? எழுத்து ஒன்றுதானே, பிறகென்ன?

பதில்: பழக்கமில்லாவிட்டால் புரியாது. சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கமான தொனி மாண்டரினில் 4, கான்டனீஸில் 6. பத்து என்பது மாண்டரினில் 'ஷி', கான்டனீஸில் 'சப்'. சொல்லிறுதியில் ப், ட், க் நிற்பதை மாண்டரின் எப்போதோ இழந்துவிட்டது.

எழுத்து ஒன்று என்பதும் பாதி உண்மைதான். ஹாங்காங் நாளிதழ்களின் செய்திநடை பெரும்பாலும் மாண்டரின் இலக்கணத்தை ஒட்டியது. வாய்விட்டு வாசிப்பதோ கான்டனீஸ் உச்சரிப்பில். பேசுவதை அப்படியே எழுதினால் 'அவன்', 'இல்லை' போன்ற அன்றாடச் சொற்களுக்கே எழுத்துரு மாறும். பெய்ஜிங்காரர் திணறிப்போவார்.

சீன அரசுக்குக் கான்டனீஸ் போன்றவை வட்டார வழக்குகள், உலக மொழிகளுக்குக் குறியீடு தரும் ஐ.எஸ்.ஓ. 639-3 என்ற பன்னாட்டுத் தரமோ தனித்தனிக் குறியீடு தருகிறது. இன்னொரு வேடிக்கை: கிர்கிஸ்தானில் பேசப்படும் 'டுங்கான்' என்ற பேச்சும் மாண்டரினின் கிளைதான். ஆனால் சீன எல்லைக்கு அப்பால், ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்தில் இருப்பதால் தனி மொழியாகிவிட்டது!