வாசகர் கேள்வி பதில்: டாக்கிங் ஸ்டேஷனுக்கு எந்தக் கேபிள்?

கேள்வி: வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்கிறேன். மடிக்கணினியை டாக்கிங் ஸ்டேஷனோடு (மானிட்டர், கீபோர்டு, சார்ஜ் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் சேர்க்கும் பெட்டி, சுருக்கமாக டாக்) இணைத்த கேபிள் முனையருகே பிய்ந்துவிட்டதால், கடையில் 2 மீட்டர் டைப் சி கேபிள் ஒன்றை வாங்கி மாட்டினேன். கீபோர்டும் மவுஸும் வேலை செய்கின்றன; ஆனால் மானிட்டரில் படம் வரவில்லை, சார்ஜும் மெதுவாகத்தான் ஏறுகிறது. டாக் பழுதாகிவிட்டதா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டாக்கை மாற்ற அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாமே புதிய கேபிளைத்தான் சுட்டுகின்றன. டைப் சி என்பது முனையின் வடிவத்துக்கு வைத்த பெயர் மட்டுமே. உள்ளே எத்தனை கம்பிகள் ஓடுகின்றன என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. செல்பேசிக்கு சார்ஜ் போடுவதற்கென்று செய்த கேபிளில் மின்சாரத்துக்கான கம்பிகளும், வினாடிக்கு 480 மெகாபிட் மட்டுமே கடத்தும் பழைய யூஎஸ்பி 2.0 கம்பி இணை ஒன்றும் இருக்கும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அதுவே தாராளம். மானிட்டருக்கான படமோ அதிவேகக் கம்பி இணைகள் வழியாகச் செல்வது. அவை உங்கள் கேபிளில் இல்லை என்றே தோன்றுகிறது.

சார்ஜ் மெதுவாக ஏறுவதற்கும் காரணம் கேபிளாகவே இருக்கலாம். இருபுறமும் டைப் சி முனை கொண்ட சாதாரண கேபிள் 3 ஆம்பியர், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரைதான் கடத்த அனுமதி பெற்றது. 5 ஆம்பியர் வேண்டுமானால், கேபிளின் முனைக்குள் இ-மார்க்கர் என்னும் சிறிய சிப் இருந்து, தன்னால் அவ்வளவு தாங்க முடியும் என்று டாக்குக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதில் கிடைக்காதபோது டாக் 60 வாட்டோடு நின்றுகொள்கிறது. கம்பி சூடேறாமல் காப்பதற்கான ஏற்பாடு இது.

மாற்றுக் கேபிள் வாங்கும் முன், டாக்கின் அடியில் ஒட்டியுள்ள சீட்டையோ கையேட்டையோ பார்த்து, அது தண்டர்போல்ட் என்னும் அதிவேக இணைப்பு வகையா, சாதாரண யூஎஸ்பி சி வகையா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சாதாரண வகையென்றால், வேகம் 10 கிகாபிட் என்றும் படம் கடத்தும் என்றும் தெளிவாகக் குறிப்பிட்ட 1 மீட்டர் கேபிள் போதும். மடிக்கணினிக்கு 60 வாட்டுக்கு மேல் தேவையென்றால் 100 அல்லது 240 வாட் குறியும் இருக்க வேண்டும். வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 240 வாட் என்று பெரிதாக அச்சிட்ட கேபிள்களில் பல, தரவுக்கு வெறும் 480 மெகாபிட்தான் கொண்டவை.

தண்டர்போல்ட் டாக் என்றால் நீளம் முக்கியமாகிறது. தண்டர்போல்ட் 3 காலத்துச் சாதாரண கேபிள்கள் நீளம் கூடினால் 40 கிகாபிட்டிலிருந்து 20 கிகாபிட்டுக்கு இறங்கிவிடும். 2 மீட்டரிலும் 40 கிகாபிட் தரும் அக்காலத்து விலையுயர்ந்த ஆக்டிவ் கேபிள்களோ (சமிக்ஞையை வலுப்படுத்தும் சிப் உள்ளவை), சாதாரண யூஎஸ்பி சி டாக்கில் செருகினால் 480 மெகாபிட்டுக்குச் சுருங்கிவிடும், படமும் வராது. 2020இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 4 இந்தச் சிக்கலைத் தீர்த்தது. முனையில் மின்னல் குறியும் 4 என்ற எண்ணும் உள்ள கேபிள், 2 மீட்டர் நீளத்திலும் முழு வேகம் தந்து, இரண்டு வகை டாக்கிலும் வேலை செய்யும். 2 மீட்டர் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் விலை கூடினாலும் இதையே வாங்கலாம் என்பது என் கருத்து.

பெயர் தெரியாத மலிவுக் கேபிளை நான் பரிந்துரைக்க மாட்டேன். டைப் சி கேபிள்களைச் சோதித்து எழுதிவந்த கூகுள் பொறியாளர் பென்சன் லியுங், 2016இல் கம்பிகளை இடம் மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிளைச் சோதித்தபோது அவருடைய மடிக்கணினியே பழுதாகிப்போனது.

கேள்வி: டாக் வழியாக எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த என் 4கே மானிட்டரில் 30 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 30 முறை படம் மாறுவது) மட்டுமே கிடைக்கிறது, மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது. புதிய எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் சரியாகுமா?
- வாசகர், சேலம்

பதில்: வாங்குவதற்கு முன், மடிக்கணினியில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால், இதே கேபிளால் மானிட்டரை அதில் நேராக இணைத்துப் பாருங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ் வந்தால் கேபிளில் குறையில்லை. அங்கேயும் வராவிட்டால், 18 கிகாபிட்டுக்குச் சான்று பெற்ற பிரீமியம் ஹை ஸ்பீட் கேபிளை வாங்கிப் பார்க்கலாம், அந்தப் போர்ட்டே 30 ஹெர்ட்ஸோடு நிற்கும் பழைய வகையாக இல்லாத வரை.

தடை டாக்கிலேயே இருப்பதும் உண்டு. சாதாரண யூஎஸ்பி சி டாக்குகள் பல, நான்கு அதிவேகப் பாதைகளில் இரண்டை யூஎஸ்பிக்கு ஒதுக்கிவிட்டு, மீதி இரண்டில்தான் படத்தை அனுப்புகின்றன. படம் அனுப்பும் முறையான டிஸ்பிளேபோர்ட்டின் 1.2 பதிப்பு வேகத்தில் அந்த இரண்டு பாதைகள் தருவது 8.64 கிகாபிட், 4கே படம் 60 ஹெர்ட்ஸில் ஓட ஏறத்தாழ 12.5 கிகாபிட் வேண்டும். எந்தக் கேபிளாலும் அந்தக் குறையை நிரப்ப முடியாது. மடிக்கணினி, டாக் இரண்டுமே டிஸ்பிளேபோர்ட் 1.4 வேகத்தில் இயங்குபவை என்றால் 12.96 கிகாபிட் கிடைக்கும். தேவைக்குச் சற்றே மேல்.

கேள்வி: கேபிள் டாக் வரை எட்டவில்லை. இரண்டு டைப் சி கேபிள்களை இணைப்பான் வைத்து நீட்டிக்கொள்ளலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். டைப் சி விதிகள் நீட்டிப்புக் கேபிளை அனுமதிப்பதில்லை. இரண்டில் ஒன்றின் சிப் 5 ஆம்பியர் தாங்கும் என்று சொல்ல, மற்றது 3 ஆம்பியர் கேபிளாக இருந்தால் அது சூடேறும். அதற்குப் பதிலாக டாக்கை மடிக்கணினியின் அருகே கொண்டுவந்து, மறுபக்கத்துக் கேபிள்களை நீளமாக வாங்குங்கள். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை போகும். மானிட்டருக்கு 2 அல்லது 3 மீட்டரில் தரமான எச்டிஎம்ஐ கேபிள் எளிதாகக் கிடைக்கும்.