தாளம் எங்கே சார்?

அன்புள்ள சார்,

போன மாதக் கட்டுரையில் போகிற போக்கில் மசாஹிகோ தொகாஷி என்ற ஜப்பானிய டிரம்மரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பிடித்து 'வீ நவ் கிரியேட்', 'ஸ்பிரிச்சுவல் நேச்சர்' என்ற இரண்டு ஜாஸ் இசைத்தட்டுகளையும் கேட்டேன். முதலாவது தலைவலி. நாலு பேர் நாலு அறையில் வாசித்ததை ஒட்டிவிட்டார்களோ என்று தோன்றியது. இரண்டாவதில் மனம் நின்றது. ஆனால் அதில் டிரம்ஸ் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சின்ன வயதில் நாலைந்து வருஷம் மிருதங்கம் படித்தவன் நான். கை தன்னால் தாளம் போடப் பார்க்கிறது, பிடி கிடைக்கவில்லை. தாளவாத்தியக்காரர் தலைமையேற்ற இசையில் தாளமே இல்லையென்றால் அவர் என்னதான் செய்கிறார்? அவர் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் என்றும் படித்தேன். அந்த வலிதான் இப்படி ஒலிக்கிறதா?

அன்புடன்,
ம., திருச்சி


அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்களுக்குத் தலைவலி தந்த தட்டு 1969 மே மாதம் பதிவானது. அப்போது தொகாஷிக்கு 29 வயது. கால்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. முதுகுத்தண்டில் காயம் பட்டு அவர் சக்கர நாற்காலிக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். உங்கள் மனம் நின்ற 'ஸ்பிரிச்சுவல் நேச்சர்' 1975. ரகளை முன்னால், அமைதி பின்னால். வலியைத் தேடுகிறவர் இரண்டு தட்டையும் வரிசை மாற்றிப் போட்டால்தான் கதை சரியாக வரும். ஊனம், மன உறுதி, மீண்டு வருதல் என்ற கதை நமக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்லி முடித்ததுமே இசையைப் பற்றியும் சொல்லிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. அந்த இரண்டு வரியில் நாற்காலியைப் பற்றி நான் எழுதாமல் விட்டது அதனால்தான்.

ஆனால் கால் முக்கியம். நான் சொல்வது மனசைப் பற்றி அல்ல, வேலையைப் பற்றி.

கல்லூரியில் என் அறைத்தோழன் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் என்னை அவன் ஸ்டூலில் உட்கார வைத்தான். குச்சியைக் கேட்டேன், தரவில்லை. "முதல்ல காலை வை" என்றான். வலது கால் கிக் டிரம்மின் பெடலில், அதாவது காலால் அடிக்கிற பெரிய டிரம். இடது கால் ஹை-ஹாட்டில். ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்த இரண்டு சிம்பல், அதாவது உலோகத் தாளத்தட்டு, அது, மிதித்தால் 'ச்சிக்' என்று மூடும். ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணி, இரண்டிலும் நான்கிலும் மட்டும் மிதிக்கச் சொன்னான். ஐந்து நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "கை என்ன வேணா பண்ணட்டும், கால் மட்டும் நிக்கக் கூடாது" என்றான். நான் அதற்குப் பிறகு அந்த ஸ்டூல் பக்கமே போகவில்லை.

ஜாஸிலும் இதுதான் கட்டமைப்பு. வலது கை ரைடு என்ற பெரிய சிம்பலில் ஓடிக்கொண்டிருக்கும், இடது கால் 'ச்சிக்' போடும், கிக் அங்கங்கே வெடிக்கும். மற்றவர்கள் அந்தத் தரையில் நின்றுதான் ஆடுவார்கள். தொகாஷி இந்த வழியில் வந்தவர்தான். அப்பா ஸ்விங் என்ற பழைய பாணி ஜாஸ் குழுவில் பேஸ் என்கிற பெரிய தந்திவாத்தியம் வாசித்தவர். மகன் முதலில் கற்றது வயலின், டிரம்ஸ் பிறகு வந்தது. இளம் வயதிலேயே பியானோக்காரர் தோஷிகோ அகியோஷி, சாக்ஸபோன்காரர் சதாவோ வதனாபே போன்ற பெரிய கைகளோடு வாசித்துவிட்டார். தாளம் வைக்கத் தெரியாதவர் தாளத்தை விட்ட கதை இல்லை இது.

ஜப்பானில் ஜாஸ் பைத்தியம் பிடித்ததற்கே ஒரு டிரம்மர்தான் காரணம் என்பார்கள். 1961 ஜனவரியில் அமெரிக்க டிரம்மர் ஆர்ட் பிளேக்கி தன் குழுவோடு வந்து போனார். வெளிநாட்டு எல்பி வாங்க வசதியில்லாத மாணவர்கள் 'ஜாஸ் கிஸ்ஸா' என்ற காபிக் கடைகளில் ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தட்டுகளைக் கேட்டார்கள். பல கடைகளில் பேசவே கூடாது. டோக்கியோவின் கின்ஸா பகுதியில் கின்பாரி என்று ஒரு கடை இருந்தது. பிரெஞ்சுப் பாட்டுக்குப் பேர்போன இடம். அங்கே கிதார்க்காரர் மசாயுகி தகாயனகியும் நண்பர்களும் கூடிப் புதிதாக என்ன செய்யலாம் என்று முட்டிமோதினார்கள். 1963 ஜூனில் அங்கே நடந்த ஓர் இரவுக் கச்சேரி பதிவாகியிருக்கிறது, அதில் 23 வயது தொகாஷியும் வாசிக்கிறார். 1966-ல் அமெரிக்க சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் வந்தார், கூடவே டிரம்மர் ரஷீத் அலி. அடியை எண்ணாமல் அலையலையாக வாசிக்கிற ஆள். நேரில் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பின்னணியில் 'வீ நவ் கிரியேட்' தட்டைப் பாருங்கள். அதற்குத் துணைத்தலைப்பு ஒன்று உண்டு: 'மியூசிக் ஃபார் ஸ்டிரிங்ஸ், விண்ட்ஸ் அண்ட் பெர்க்கஷன்'. தந்தி, காற்று, தாளக்கருவி. டிரம்மர் தன் பெயரில் வெளியிட்ட தட்டில் தாளக்கருவி கடைசியில் நிற்கிறது. அதே சமயம் மற்றவற்றுக்குச் சமமாகவும் நிற்கிறது. மோதோதெரு தகாகி சாக்ஸபோனில் கிழிக்கிறார், தகாயனகி மின்கிதாரை உறும விடுகிறார், மோதோஹாரு யோஷிசாவா பேஸிலும் செல்லோவிலும் வில் போடுகிறார். தரை என்று யாருமே இல்லை. உங்களுக்கு நாலு அறை மாதிரி கேட்டதற்கு அதுதான் காரணம், தரையைத் தேடியிருக்கிறீர்கள். அடுத்த முறை தாளத்தை விட்டுவிட்டு அடர்த்தியை மட்டும் கவனியுங்கள். எப்போது நாலு பேரும் நெருக்குகிறார்கள், எப்போது ஒருவர் விலகி இடம் விடுகிறார் என்று பாருங்கள். ஒருவரையொருவர் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள் என்பது தெரியும். தனி ஆவர்த்தனத்தில் தாளத்தை நாம் கையில் வைத்திருப்போம், மிருதங்கக்காரர் அதை ஏமாற்றிவிட்டுத் திரும்பி வருவார். இங்கே கையில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கையை மடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே வருஷம் நவம்பரில் 'ஸ்பீடு அண்ட் ஸ்பேஸ்' பதிவானது. பியானோவில் மசாஹிகோ சாதோ. அதன் துணைத்தலைப்பு 'தி கான்செப்ட் ஆஃப் ஸ்பேஸ் இன் மியூசிக்'. இசையில் வெளி என்பது என்ன என்ற விசாரணையைத் தலைப்பிலேயே எழுதி வைத்துவிட்டார். இதுவும் காயத்துக்கு முன்னால். ஆக அந்த வெற்றிடத்தையும் நாற்காலியின் கணக்கில் எழுத முடியாது. அதைத் தேடித்தான் அவர் போய்க்கொண்டிருந்தார்.

காயம் பட்டபின் மாறியது கருவி. பெடல் இல்லை, எனவே கிக் டிரம்மின் வெடிப்பும் இல்லை, ஹை-ஹாட்டின் 'ச்சிக்'கும் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் டாம் என்ற சிறிய டிரம்கள், சிம்பல், காங் என்ற தொங்கும் உலோகத் தட்டு, மணிகள் என்று தன்னைச் சுற்றி ஒரு செட்டைப் புதிதாக அமைத்துக்கொண்டார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தோல் சட்டென்று அடங்கிவிடும், உலோகம் அடங்காது. காங்கைத் தட்டியபின் அது ஓயும்வரை காத்திருக்கலாம், அல்லது பாதியில் கையால் பிடித்து நிறுத்தலாம். அடுத்த அடி எப்போது என்பதைக் கடிகாரத்தை விட்டுவிட்டு ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்யலாம். அவர் என்னதான் செய்கிறார் என்று கேட்டீர்களே, பெரும்பாலும் இதைத்தான்.

இதைக் கேட்டதும் சிலர் 'மா' என்று தொடங்குவார்கள். இரண்டு பொருள்களுக்கு நடுவே, இரண்டு ஒலிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் சொல். உண்மையான கருத்துதான், மறுக்கவில்லை. ஆனால் ஜப்பான்காரர் ஒருவர் இரண்டு நொடி சும்மா இருந்தாலே ஜென் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற பழக்கம் எனக்கு எரிச்சல். அதே ஊர், அதே காலத்தில்தான் தாகேயோ மோரியாமா, பியானோக்காரர் யோசுகே யமாஷிதாவின் மூவர் குழுவில் டிரம்ஸை இடைவிடாமல் துவைத்தெடுத்தார். அவரும் ஜப்பான்காரர்தானே.

'ஸ்பிரிச்சுவல் நேச்சர்' உங்களுக்கு ஏன் பிடித்தது என்று ஊகிக்க முடிகிறது. புல்லாங்குழல்கள் இருக்கின்றன. பேஸ் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இடம் இருக்கிறது, உங்கள் கை அங்கே கொஞ்சம் இளைப்பாறியிருக்கும். தொகாஷி அதில் முதலில் இசையை எழுதியவர், அப்புறம்தான் வாசித்தவர். வேறு தாளக்கருவிக்காரர்களும் கூட இருக்கிறார்கள். குழலூதுகிறவர் சதாவோ வதனாபே, அன்றைய ஜப்பானிய ஜாஸின் நட்சத்திரம். ஒதுங்கிக் கிடந்த கலைஞர், யாரும் கண்டுகொள்ளவில்லை என்கிற கதையும் தொகாஷிக்குப் பொருந்தாது.

இனி என்ன கேட்கலாம்? 1979-ல் பாரிஸில் டிரம்பெட்காரர் டான் செர்ரி, பேஸ்காரர் சார்லி ஹேடன் இருவரோடு வாசித்த 'சாங் ஆஃப் சாயில்' நல்ல வாசல். ஹேடனின் பேஸ் தரை போடுவதால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும். சாக்ஸபோன்காரர் ஸ்டீவ் லேசியோடு வாசித்தவற்றில் 'எடர்னல் டுயோ'வைத் தேடுங்கள். 1986 'புரா புரா'வில் செர்ரி, லேசி, டேவ் ஹாலண்ட் என்று பெரிய கூட்டமே இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் திருவிழா மாதிரி, ஒருமுறை போதும்.

'ஐசொலேஷன்' இப்போதைக்கு வேண்டாம். தொகாஷியும் தகாகியும் மட்டும். நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற ஒரு 19 வயதுப் பையனைப் பற்றி மசாவோ அதாச்சி முதலானோர் 1969-ல் எடுத்த படத்துக்கான இசை அது. படத்தில் பையன் வரவே மாட்டான். அவன் வாழ்ந்து கடந்துபோன ஊர்களின் தெருக்கள், ரயில் நிலையங்கள், கடைவீதிகள் மட்டும் வரும். அவற்றின்மேல் இந்த இரண்டு பேரும் வாசிப்பார்கள். படத்தோடு கேட்டால் தூக்கம் போய்விடும்.

மிருதங்கக்காரர் என்பதால் இன்னொன்று. அமெரிக்க டிரம்மர் மில்ஃபோர்ட் கிரேவ்ஸ் 1977-ல் டோக்கியோவில் ஜப்பானியர்களோடு பதிவு செய்த 'மெடிட்டேஷன் அமங் அஸ்'. தபேலா பயின்றவர். டாம்களின் அடித்தோலைக் கழற்றிவிட்டு வாசித்தவர். அதில் உங்கள் காதுக்குச் சொந்தக்காரர் யாராவது கிடைக்கலாம்.

கடைசியாக 'ரிங்ஸ்'. 1975, இரண்டு எல்பி, தொகாஷி மட்டும் தனியாக. நான் முதலில் கேட்டது ஒரு மே மாத மத்தியானம். ஒரு இடத்தில் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் காபி போட எழுந்து போனேன். பாதியில் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அடுக்களையிலிருந்து கேட்டால் அறைக்குள் ஏதோ இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பால் பொங்கி வழிந்ததையும் கவனிக்கவில்லை.

நீங்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டே கேளுங்கள். திருச்சி வெயிலுக்கு மார்கழிவரை பொறுத்திருப்பதானாலும் சரி.