வஞ்சிரமா, சீலாவா?

வணக்கம் சார். கல்யாணமாகி சேலத்திலிருந்து ராயபுரம் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் மீன் வாங்க காசிமேடு போகிறேன். போன வாரமும் சீலாவை வஞ்சிரம் என்று காட்டினேன். என் மாமியார் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுகிறார். கடலோரத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இது வருமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இதற்கும் பிறப்புக்கும் சம்பந்தமே இல்லை. காசிமேட்டில் வளர்ந்த எனக்கே இது ஆயா மீன் கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கி "இது இன்னா?" என்று கேட்பார், தப்பாகச் சொன்னால் மீன் கையில் இருக்கும்போதே சரியான பெயரைச் சொல்லிவிடுவார். உங்களுக்கு அதுதான் கிடைக்கவில்லை. எட்டு மாதமாகப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் வாய்விட்டுப் பெயர் சொல்லி, சரியா தப்பா என்று அங்கேயே தெரிந்துகொண்டது எத்தனை முறை?

ஜேம்ஸ் டனாகா, மார்ஜோரி டெய்லர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1991இல் பறவை வல்லுநர்களையும் நாய் வல்லுநர்களையும் சோதித்தார்கள். ஒரு படத்தைப் பார்த்து 'பறவை' என்று சொல்ல ஆகும் நேரத்திலேயே பறவைக்காரர்கள் இன்ன பறவை என்றும் சொல்லிவிட்டார்கள். நாய்ப் படம் வந்தபோது அந்த வேகம் இல்லை. பழகிய பொருளோடு நின்றுவிடுகிற திறமை இது. நீங்கள் சேலத்துக்காரர், மல்கோவாவையும் இமாம் பசந்தையும் கலந்து வைத்தால் உங்கள் மாமியார் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அப்புறம், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் பாதி வேலை குறையும். ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சில் ஆணா பெண்ணா என்று பிரிப்பது வருடக்கணக்கில் பழகும் தொழில். 1987இல் பீடர்மேன், ஷிஃப்ரார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எந்த இடத்தில் எந்த வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்று புதியவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான், அவர்கள் படங்களைப் பார்த்தே கிட்டத்தட்ட அனுபவசாலிகள் அளவுக்குச் சொன்னார்கள்.

நீங்கள் வரியைப் பார்த்து ஏமாறுகிறீர்கள் என்று நினைக்கிறேன், சில சீலாவுக்கும் உடம்பில் பட்டை இருக்கும். வரியை விடுங்கள், முதுகைப் பாருங்கள். சீலாவுக்கு முதுகில் இரண்டு துடுப்பும் நன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும், கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வஞ்சிரத்துக்குத் துடுப்புகள் அடுத்தடுத்து இருக்கும், அதற்குப் பின்னால் வால் வரைக்கும் குட்டிக் குட்டித் துடுப்புகள் வரிசையாகப் போகும்.

இந்த ஞாயிறு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற கடையில் நில்லுங்கள். முதலில் நீங்கள் பெயரைச் சொல்லுங்கள், அப்புறம் மாமியாரைக் கேளுங்கள். ஒரு நடைக்கு இருபது மீன் போதும். துண்டு போட்டு வைத்திருப்பதை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள், முழு மீனாக வாங்கி எதிரிலேயே வெட்டச் சொல்லுங்கள்.