கர்ப்ப காலத்தில் ஜிங்க் மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்கு எதிர்ப்புச்சக்தி கூடுமா?

கேள்வி: பென்னாகரத்தை அடுத்த கிராமத்தில் வசிக்கிறேன். இரண்டாவது முறையாகக் கர்ப்பமாக இருக்கிறேன். ஐந்தாம் மாதம் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தருகிறார்கள். மூத்த குழந்தைக்கு முதல் வயதில் அடிக்கடி சளியும் வயிற்றுப்போக்கும் வந்தன. ஜிங்க், செலினியம் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைக்கு எதிர்ப்புச்சக்தி கூடும் என்கிறார்கள். கடையில் வாங்கலாமா, டாக்டர்?

பதில்: தாங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். ஜிங்க் குறைந்தால் உடலின் எதிர்ப்பு அணுக்கள் சரிவரச் செயல்படமாட்டா என்பது உண்மைதான். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு 14 நாள்கள் ஜிங்க் கொடுக்கிறோம். ஆனால் தாய் விழுங்கும் ஜிங்க், பிறக்கப்போகும் குழந்தைக்கும் அதே பயனைத் தருமா என்பது வேறு கேள்வி. டாக்காவின் குடிசைப் பகுதிகளில் கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 30 மில்லிகிராம் ஜிங்க் கொடுத்து நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வில், குழந்தைகளின் பிறப்பு எடை கூடவில்லை. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளிடம் மட்டும் வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது. கர்ப்பிணிகளுக்கு ஜிங்கை ஆய்வுகளுக்கு வெளியே பொதுவாகக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அளவு மீறி நெடுநாள் சாப்பிட்டால், ஜிங்க் உடலில் செம்புச்சத்து சேர்வதைத் தடுத்து, இரத்தசோகையையும் வெள்ளணுக் குறைவையும் உண்டாக்கும்; அதாவது, எதை வளர்க்க வாங்கினோமோ அதையே குறைக்கும். கொரோனா காலத்தில் பலரும் வாங்கிய 50 மில்லிகிராம் மாத்திரை ஒருவேளை வீட்டில் மிச்சமிருந்தால், அதைத் தொட வேண்டாம். செலினியமும் தேவைக்குச் சற்று மிஞ்சினாலே கேடு செய்யக்கூடியது.

இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். குழந்தை தன் முதல் மாதங்களுக்கு வேண்டிய இரும்பைப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து சேமித்துக்கொள்கிறது. தங்களுக்குத் தரப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நாள்தோறும் ஒன்றாகக் குறைந்தது 180 நாள்களும், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாள்களும் அதைச் சாப்பிட வேண்டும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்திருந்தால் அளவை மருத்துவர் கூட்டுவார். மலம் கறுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். குமட்டினால் இரவு உணவுக்குப் பின் சாப்பிடலாம். கால்சியத்தையும் இரும்பையும் ஒரே வேளையில் விழுங்குவதுதான் நான் அதிகம் காணும் தவறு. கால்சியம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைத்துவிடும் என்பதால், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். தேநீரும் காபியும் அப்படியே தள்ளியிருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கேழ்வரகு கால்சியத்தில் சிறந்தது. ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் ஜிங்கையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டி அரைத்த மாவில் அது குறைகிறது. களியோடு முளைகட்டிய பயறு, முட்டை, இயன்றால் மீன் அல்லது இறைச்சி சேர்த்து, நெல்லிக்காயோ எலுமிச்சையோ தொட்டுக்கொண்டால் மாத்திரையில் தேடும் ஜிங்கின் பெரும்பகுதி தட்டிலேயே கிடைத்துவிடும். தருமபுரி மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு மிகுதி; குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

மூத்த குழந்தையின் தொல்லைக்குத் தாதுக் குறைவே காரணம் என்று முடிவு கட்ட இயலாது. முதல் வயதில் சளி அடிக்கடி வருவது இயல்பு, வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரும் பால்புட்டியும் காரணமாக இருந்திருக்கலாம். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் கடைசி மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு மிகுதியாகச் செல்கின்றன. ஆகவே நிறைமாதம் வரை கர்ப்பத்தைக் காப்பதும் இரணஜன்னி, தொண்டை அடைப்பான் நோய்களைத் தடுக்கும் டிடி (Td) தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்வதும் எந்தச் சத்து மாத்திரையையும்விட மேலானவை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும், சர்க்கரைத் தண்ணீர்கூட, வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது ஹீமோகுளோபின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் அது உயரவில்லையென்றால், குடற்புழு, தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் போன்ற வேறு காரணங்களை மருத்துவர் ஆராய வேண்டியிருக்கும்.