குண்டூசியின் துரு

அன்புள்ள ஐயா,

அரசுத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நிதி ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை. பயணப்படி நின்றுவிட்டதால் ஆவணங்களை ஸ்கேன் செய்து வரவழைத்துப் பார்க்கிறோம். மென்பொருள் இருக்கும்போது இத்தனை ஆட்கள் எதற்கு என்கிறார்கள் நண்பர்கள். வெறும் கணக்குச் சரிபார்ப்பில் வாழ்க்கையை வீணாக்குகிறேனோ என்று தோன்றுகிறது. வேறு வேலைக்குப் போய்விடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

தணிக்கைக்கான நிதியைக் குறைப்பது பற்றித்தான் சில வாரங்களாக நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் வேலையை ஒருவராகச் சுமக்கிறீர்கள். உங்கள் சோர்வு புரிகிறது. ஆனால் 'வெறும் கணக்குச் சரிபார்ப்பு' என்று எழுத எப்படி மனம் வந்தது? வெளியாள் சொன்னால் அறியாமை என்று விட்டுவிடலாம். ஆறு ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லலாமா? மென்பொருள் பேச்சை விடுங்கள். களவு செய்கிறவன் கூட்டலில் பிழை விடுவதில்லை.

இளம் வயதில் ஒரு தணிக்கைக் குழுவில் உதவியாளனாக இருந்தேன். ஓர் அலுவலகத்தின் கொள்முதல் பற்றுச்சீட்டுகள். தொகை, தேதி, கையொப்பம் எல்லாம் சரியாக இருந்தன. டிக் போட்டு நகர்ந்துவிட்டேன். எங்கள் மூத்த தணிக்கையாளர் அந்தக் கட்டைத் திரும்ப வாங்கி, ஒவ்வொரு சீட்டின் இடது மூலையையும் விரலால் தடவினார். விலைப்பட்டியலைச் சேர்த்துக் குத்திய குண்டூசியின் துரு, மாதக்கணக்கில் கிடந்த தாளில் பழுப்பாக இறங்கியிருந்தது. நடுவே பதினோரு சீட்டுகளில் மட்டும் துரு இல்லை. ஊசி பளபளத்தது. பத்து மாதத்துக்கு முந்தைய தேதியிட்ட அவை, நாங்கள் வருவது தெரிந்தபின் எழுதப்பட்டவை. அவர் எழுந்து, "கிடங்குச் சாவியைக் கொடுங்கள்" என்றார். இருப்புப் பதிவேட்டில் இருந்த இரும்பு அலமாரிகள் கிடங்கில் இல்லை.

கறுப்பு வெள்ளை ஸ்கேனில் அந்தத் துரு தெரியுமா, எம்.? தணிக்கையை மூடுங்கள் என்று யாரும் ஆணை போட வேண்டியதில்லை. கிடங்குவரை போகும் பஸ் செலவை நிறுத்தினால் போதும்.

ஆஸ்திரேலியாவில் 2020 ஜனவரியில், விளையாட்டு மானியங்கள் பங்கிடப்பட்ட விதத்தைத் தேசியத் தணிக்கை அலுவலகம் அம்பலப்படுத்தியது. அந்த விவகாரத்தில் அடுத்த மாதமே அமைச்சர் பதவி விலகினார். அதே ஆண்டு அக்டோபர் பட்ஜெட்டில், தணிக்கை அலுவலகம் கேட்டிருந்த கூடுதல் நிதி கிடைக்கவில்லை. ஆண்டுக்கு 48 செயல்திறன் தணிக்கைகள், அதாவது அரசுத் திட்டங்கள் சரியாக நடந்தனவா என்று பார்க்கும் தணிக்கைகள், என்ற இலக்கைக் குறைக்க வேண்டியதாயிற்று. பழிவாங்கல் என்று நான் சொல்லவரவில்லை. தணிக்கைக்கு உள்ளாகிறவர் கையில் தணிக்கைக்குப் படியளக்கும் அதிகாரம் இருக்கவே கூடாது என்கிறேன். தேவைப்பட்டால் பட்ஜெட்டை முடிவு செய்யும் அவையிடமே நேரடியாக நிதி கேட்கும் உரிமை தணிக்கை அமைப்புக்கு வேண்டும் என்று 1977-இல், பல நாட்டுத் தணிக்கை அமைப்புகள் கூடி ஏற்ற லிமா பிரகடனம் சொல்லிவிட்டது. இன்னும் எத்தனை பேர் காதில் ஓத வேண்டும்?

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். அசல் கட்டுகளை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், பயணத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால், 'அசல் ஆவணங்கள் பார்க்கப்படவில்லை, இருப்பு நேரில் சரிபார்க்கப்படவில்லை' என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அன்புடன்.