கம்ப்யூட்டருக்குள் எறும்பும் கரப்பானும்: மதர்போர்டை மாற்றும் முன்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. ஒரு மாதமாகத் தானாக அணைகிறது, தானாக ஆன் ஆகிறது. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் சிற்றெறும்பு சாரை சாரையாகப் போகிறது. கரப்பான் எச்சமும் கிடக்கிறது. "பூச்சி ஏறி போர்டு ஷார்ட் ஆகிவிட்டது, மாற்ற 7,500 ரூபாய் ஆகும்" என்கிறார் சர்வீஸ்காரர். மாற்றத்தான் வேண்டுமா? உள்ளே பூச்சி மருந்து அடிக்கலாமா? மானிட்டருக்குள்ளும் ஒரு பொடிப்பூச்சி ஊர்கிறது.

பதில்: மருந்து அடிக்காதீர்கள். போர்டையும் இப்போது மாற்றாதீர்கள்.

தானாக அணைந்து தானாக ஆன் ஆகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முகப்பில் இருக்கும் பவர் பட்டனைத்தான். பட்டனுக்குப் பின்னால் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதற்குள் இரண்டு தகடு. சிற்றெறும்பு அதற்குள் புகுந்து நசுங்கினால் அதன் ஈரமே இரண்டு தகட்டையும் இணைத்துவிடும். யாரோ பட்டனை அழுத்துவதாக போர்டு எடுத்துக்கொள்ளும். ஒரு நொடி இணைந்தால் ஆன் ஆகும்; நாலைந்து நொடி தொடர்ந்து இணைந்திருந்தால் கட்டாயமாக அணையும். நீங்கள் சொல்லும் கோளாறு இதோடு அப்படியே பொருந்துகிறது.

சோதிப்பது எளிது. சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முகப்பிலிருந்து போர்டின் கீழ்மூலைக்கு வரும் மெல்லிய வயர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஆங்கிலத்தில் பெயர் அச்சடித்திருக்கும். பவர் ஸ்விட்ச் வயரை உருவிவிட்டு, அது இருந்த அதே இரண்டு முள்ளில் ரீசெட் ஸ்விட்ச் வயரைச் செருகுங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஸ்விட்ச்தான். இனி ரீசெட் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும். இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் போர்டில் ஒன்றும் இல்லை; செலவும் இல்லை.

நிற்கவில்லை என்றாலும் போர்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை. சுத்தம் செய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கிய மின்சாரம் வடியும். பெட்டியை வெளித் திண்ணைக்கோ புறவாசலுக்கோ கொண்டுபோங்கள். கடைக்குள் ஊதினால் எறும்பு ஜெராக்ஸ் மெஷினுக்குள் போய்ச் சேரும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு இஞ்ச் புது பெயின்ட் பிரஷ், ஒரு புளோயர், மெல்லிய டூத் பிரஷ் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுப்போகும். ப்ராசஸர் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் செத்த பூச்சியும் தூசியும் சேர்ந்து கம்பளி போல அடைத்திருக்கும். அந்தச் சூட்டிலேயே கம்ப்யூட்டர் அணைந்துபோகும்.

எறும்பை விடக் கரப்பான்தான் போர்டுக்குக் கேடு. அதன் எச்சம் காப்பித்தூள் தூவியது போல ரேம் (போர்டில் நிமிர்த்திச் செருகியிருக்கும் நீள நினைவகப் பட்டை) ஓரத்திலும் சாக்கெட் அடியிலும் ஒட்டியிருக்கும். சாரல் காற்றில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மின்சாரம் கடத்தும், செம்புக் கோடுகளில் பச்சைக் களிம்பு ஏற்றும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் போகாது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். நெல்லை ஜங்ஷன் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் உதிரி விற்கும் கடைகளில் 'ஐபிஏ' என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். 100 மில்லி தாராளம். டூத் பிரஷ்ஷில் தொட்டு, எச்சம் உள்ள இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்து, நூல் பிசிறு விடாத துணியால் ஒற்றி எடுங்கள். சானிடைசர் கூடாது, அதில் கிளிசரின் இருக்கும். தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ரேமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து, தூள் இல்லாமல் தட்டி, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை திரும்பச் செருகுங்கள். ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட்டு ஆன் செய்யுங்கள்.

இதெல்லாம் நீங்களே செய்யலாம் என்று சொன்னதில் ஒரே ஒரு விலக்கு எஸ்எம்பிஎஸ். பின்பக்கம் பவர் வயர் செருகும் அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது தங்கியிருக்கலாம். நேற்றிலிருந்து பிடுங்கித்தானே கிடக்கிறது என்று கை வைக்காதீர்கள். நாலு ஸ்க்ரூதான், உள்ளே எறும்பு கண்ணுக்குத் தெரிகிறது என்றாலும் கை வைக்காதீர்கள். துவாரம் வழியாகக் குச்சியோ கம்பியோ விட்டுக் கிண்டாதீர்கள். பிளக் இல்லாமல் வெளியிலிருந்து ஊதுவது மட்டும் சரி. சூடு தேடிப் பல்லி புகுவதும் இதற்குள்தான். 'டப்' என்ற சத்தம், கருகல் வாடை, வீட்டு ட்ரிப்பர் விழுவது இவற்றில் ஒன்று வந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸை முழுசாக மாற்றுங்கள். மாற்றும்போது தூக்கிப் பாருங்கள். இறகு போல இருக்கும் பெயர் தெரியாத பெட்டி 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும். உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட்டே இருக்காது. அது போகும்போது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இனி சர்வீஸ்காரர் விஷயம். நேர்மையாக வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் பூச்சியைக் கண்டதும் போர்டு போச்சு என்பது இந்தத் தொழிலில் ஊறிப்போன ஏமாற்று. எச்சத்தைக் காட்டினால் வாடிக்கையாளருக்கு அருவருப்பு வரும், மறுபேச்சு வராது. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "வேறு எஸ்எம்பிஎஸ் போட்டு, ஒரே ஒரு ரேமோடு, மானிட்டர் தவிர வேறு எதையும் செருகாமல் என் கண் முன்னால் ஆன் செய்து காட்டுங்கள்." திரையில் எழுத்து வந்தால் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. பெட்டியைக் கடையில் விட்டுவர நேர்ந்தால் ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ கழற்றி வீட்டில் வையுங்கள். போர்டைச் சோதிக்க அது தேவையே இல்லை. உங்கள் வாடிக்கையாளர்களின் ஆதாரும் பத்திர நகலும் அதில்தான் இருக்கும். ரேம் மேலுள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி போய் 4 ஜிபி திரும்பி வருவது புதிதல்ல. மாற்றிய பழைய உதிரியைக் கேட்டு வாங்குங்கள். பில் கேளுங்கள். தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வாரண்டி அட்டையைப் புரட்டினால் பூச்சியால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பின்பக்கம் ஐந்தாறு இடத்தில் விரல் போகிற ஓட்டையோடு கேபினட் விற்கிறார்கள். ஒரு வலையோ இரண்டு ரூபாய்த் தகடோ வைக்க மனம் வராது. இந்த ஊர்களில் கால்வாய்த் தண்ணீரும் வயலும் வாசல்வரை வருகின்றன. எறும்பும் கரப்பானும் இல்லாத வீடே கிடையாது. அதற்குத் தோதாகப் பெட்டி செய்யாமல் குற்றத்தை வாங்கியவர் தலையில் கட்டுவது அநியாயம்.

மருந்து ஏன் கூடாது? ஸ்ப்ரே டப்பாவில் இருப்பது மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானும் தீப்பற்றும் வாயுவும். பொறி பட்டால் பற்றும். பற்றாவிட்டாலும் எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியைப் பிடித்துவைக்கும். அந்துருண்டையும் சாக்பீஸ் மருந்தும் கேபினட்டுக்குள் வேண்டாம். ஃபேன் அந்த நெடியையும் தூளையும் உங்கள் முகத்துக்கே ஊதும். "கம்ப்யூட்டர் பெஸ்ட் கன்ட்ரோல்" என்று வருஷக் கட்டணம் கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

எறும்பைப் புற்றிலேயே ஒழிக்க வேண்டும். 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து கிராம் சீனி, ஒரு கிராம் போரிக் பவுடர். அதாவது இரண்டு டீஸ்பூன் சீனிக்குக் கால் டீஸ்பூன் பவுடர். பஞ்சில் நனைத்து எறும்பு வரும் வழியில், மேஜைக்குப் பின்னால், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பவுடரைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும். புற்றுக்குக் கொண்டுபோகாது, ராணி சாகாது. முதல் இரண்டு நாள் எறும்பு பெருகும். கலைக்காதீர்கள். கரப்பானுக்கு ஜெல் வாங்கி, மேஜையின் அடியிலும் பின்னாலும் எட்டுப் பத்து இடத்தில் மிளகு அளவுப் பொட்டு வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் அந்த நெடியில் கரப்பான் ஜெல்லைத் தொடாது.

பின்பக்க ஓட்டைகளைத் தகடோ டேப்போ போட்டு மூடுங்கள். காற்று போகும் துவாரத்தில் கொசுவலை ஒட்டினால் கரப்பானும் பல்லியும் நிற்கும், எறும்பு நிற்காது. பதினைந்து நாளுக்கொரு முறை வலைத் தூசியைத் தட்டுங்கள். மேஜைக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பவர்கள் வயரை மறந்துவிடுகிறார்கள். எறும்புக்கு வயர்தான் பாலம். சுவரில் ஸ்விட்ச் போர்டைச் சுற்றியுள்ள இடுக்கை வெள்ளை சிமென்ட் வைத்து அடையுங்கள். இரவில் ஷட் டவுன் செய்தால் மட்டும் போதாது, சுவர் ஸ்விட்சையும் அணையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இளஞ்சூடு இருந்துகொண்டே இருக்கும், பூச்சிகள் தேடி வருவதே அதற்குத்தான். கீபோர்டுக்கு மேலே அல்வாவும் முறுக்கும் தின்பதை நிறுத்துங்கள்.

மானிட்டருக்குள் ஊர்வது பெரும்பாலும் இலைப்பேன். வயலிலிருந்து வெளிச்சத்துக்கு வருவது. திரைக்குப் பின்னாலுள்ள அடுக்குகளுக்கிடையே புகுந்துவிடும். எக்காரணம் கொண்டும் விரலால் அழுத்தாதீர்கள்; அங்கேயே செத்தால் நிரந்தரக் கரும்புள்ளி. அறையை இருட்டாக்கி, மானிட்டரை அணைத்து, ஓரத்தில் டார்ச்சை எரியவிடுங்கள். பல சமயம் தானாக வெளிச்சத்தைத் தேடி வெளியே வந்துவிடும்.

ஆறு வாரம் கழித்துத் தகட்டை மறுபடி கழற்றுங்கள். துவரை விதை அளவில் கருஞ்சிவப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது பெரிய கரப்பானின் முட்டைப்பை. ஒன்றுக்குள் சுமார் பதினைந்து முட்டை இருக்கும், மேலே எதை அடித்தாலும் உள்ளே இறங்காது. சுரண்டி எடுத்து நெருப்பில் போட்டுவிட்டு, ஜெல் பொட்டுகளைப் புதிதாக வையுங்கள்.